இடிமுரசின் தலையில் கிடந்த இரும்பு

திரு ஓங்குக. குடி தழைக்க.

மலையும் காடும் வயலும் ஒரு குடைக்கீழ் வைத்து ஆளும், பிறைக்கொடி உயர்த்திய முல்லைமலை நாட்டின் பெருமாட்டி, நெடுவாயில் நகரத்து அரியணை அமர்ந்த அல்லியங்கோதைத் தேவியாரின் திருமுன்புக்கு, மேற்கெல்லை வன்பாறைக் கோட்டையின் காவல் மூத்தான் ஊமத்தூர்க் காடன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியார் நாட்டில் மழை பருவம் தவறாது பெய்க. ஏரி கரை உடையாது நிறைக. குதிரைகள் கொழுக்க. தேவியார் உண்ணும் சோறு உடம்பில் ஒட்டுக. இவ்விடம் எல்லை நலம், படை நலம். தெற்கு மூலையில் மதில் சரிந்து கிடக்கிறது; அதைப் பலமுறை சொல்லியாயிற்று; இந்த ஓலை அதற்காக அன்று.

இந்த ஓலை ஓர் ஆளின் தலையைப் பற்றியது. அதற்கு முன் ஒரு யானையின் தலையைப் பற்றியது.

அரியணைக்கு முன் தன்னை நான் என்று சொல்லிக்கொள்வது எல்லைக் காவலர்க்கு வழக்கமில்லை. ஆகையால் இவ்வோலை காடனைக் காடன் என்றே சொல்லும். காடன் எழுத்தறியாதவன். அவன் சொல்லச் சொல்ல, கோட்டை ஓலைக்காரன் தத்தன் எழுதினான். எழுதி முடித்ததைத் தத்தனுக்கு ஆகாத ஒருவனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, கூட்டியது குறைத்தது ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காடன் அரக்கைக் காய்ச்சச் சொன்னான். யாருடைய பேச்சை எழுத வேண்டி வந்ததோ அதை அவர் வாயில் வந்தபடியே எழுதச் சொல்லியிருக்கிறான். சாட்சியின் பேச்சைச் செந்தமிழாக்கினால் அது சாட்சியுடையதாக இராது, தத்தனுடையதாகிவிடும்.

தேவியார் அறிந்ததையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறிய புண்ணைக் கிளறுவதற்குப் பொறுத்தருள்க. தேவியாரின் தமையனார் இளவரசர் வெற்பனார், வடபுலப் போர் முடித்துத் தலைநகர் திரும்பிய வெற்றி நாளில், கோட்டை வாயிலில் குதிரையை விட்டிறங்கிக் கொற்றவையின் படியில் நெற்றி வைத்து வணங்கினார். அவருக்குப் பின்னே பட்டத்து யானை இடிமுரசு வந்தது. அதன் கழுத்தில் பாகன் தாயன் இருந்தான். வாயில் மாடத்தில் நின்ற வில்லாளர், வெற்றி நாள் வழக்கப்படி, வருகிறவர்கள் தலைக்கு மேல் பூவம்பு பொழிந்தார்கள். யானை திடீரென்று பிளிறியது. பாய்ந்து முன்னே ஓடியது. குனிந்திருந்த இளவரசர் பிறகு நிமிரவில்லை.

அறங்கூறு அவை கூடியது. சிறு பிள்ளைகள் தும்பிக்கையைப் பிடித்து ஊஞ்சல் ஆடினாலும் சும்மா நிற்கிற யானை தானாக வெறிகொள்ளாது என்று கண்டவர் எல்லாரும் சொன்னார்கள். அதன் இடது காதுக்குப் பின்னால் இரத்தம் வழிந்தது. தாயனுடைய அங்குசத்தில் இரத்தம் இருந்தது. போர்ப் பாசறையில் இளவரசர் ஒருமுறை தாயனைச் சவுக்கால் அடித்திருந்தார், அதுவும் பொய்யில்லை. ஓடுகிற யானையை நிறுத்தவே அங்குசத்தை அழுத்தியதாகவும், அதற்கு முன் தொடவே இல்லை என்றும் தாயன் சொன்னான். கேட்க ஆளில்லை. அங்குசத்தால் குத்தி யானையை ஏவி இளவரசரைக் கொன்றான் என்று தீர்ப்பாயிற்று.

இரத்தம் வந்த இடத்தை ஒருவராவது கையால் விலக்கிப் பார்த்தாரா என்றால், பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அரச இரத்தம் சிந்திய விலங்கின் தலையை, அது உயிரோடு உள்ளவரை, மனிதக் கை தீண்டலாகாது; அதன் பெயரையும் வாயால் சொல்லலாகாது. இந்நாட்டின் பழைய விதி அது. அவை முதல்வர் மாதிரனார் அந்த விதிக்கு அடங்கி எட்ட நின்று பார்த்தார். அவரைப் பொய்யர் என்று காடன் சொல்லவில்லை. எட்ட நின்று பார்த்தார் என்று மட்டும் சொல்கிறான்.

இன்னொரு விதியும் உண்டு. பழிபட்ட யானைக்கு அதன் பழைய பாகன் கையே உணவு கொடுக்கும். ஆகவே யானை இருக்கும்வரை அவனும் இருப்பான். யானை செத்துப் புதைத்து, மண் தின்று, தந்தம் தளர்ந்த பிறகு, அதைக் கழற்றித் தலைநகர்க் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும். தந்தம் கழலும் நாளில் பாகன் தலை விழ வேண்டும். இப்படிப்பட்ட கணக்கோடுதான் இருவரும் வன்பாறைக்கு வந்து சேர்ந்தார்கள், ஒருவன் காலில் சங்கிலி, மற்றதன் காலிலும் சங்கிலி.

வந்த நாள் முதல் இருவரும் காட்டு மரம் இழுத்தார்கள். தலையைத் தீண்டக் கூடாது என்பதால் தாயன் அதன் கழுத்தில் ஏறுவதில்லை. பக்கத்தில் நடந்து வாய்ச்சொல்லால் ஓட்டினான். பெயரும் சொல்லக் கூடாது என்பதால் நாக்கைத் தட்டி ஓசை எழுப்புவான். அது திரும்பிப் பார்க்கும். காடன் எவரையும் லேசில் நம்புகிறவன் அல்லன். தாயனைக் கொலைகாரன் என்றும் அவன் நினைக்கவில்லை, குற்றமற்றவன் என்றும் நினைக்கவில்லை. கைதி என்று நினைத்தான். காவல்காரனுக்கு அது போதும்.

சென்ற மழைக்கு முன் யானை இறந்தது. புதைத்தார்கள். மழை நின்று மண் காய்ந்ததும், விதிப்படி தோண்டச் சொன்னான் காடன். தந்தம் என்றால் கை நீளாத ஆள் இந்தக் கோட்டையில் ஒருவனும் இல்லை என்பது அவன் எண்ணம். ஆகையால் தோண்டி முடியும்வரை பட்டப்பகல் வெயிலில் குழியோரமாகவே நின்றான். தலையோட்டைத் தூக்கி மேலே வைத்துத் தந்தத்தில் கயிறும் கட்டிவிட்டார்கள். ஒட்டியிருந்த மண்ணை ஒருவன் துடைப்பத்தால் தட்டினான். இடது காதுத் துளைக்குப் பின்னால் எலும்பு புடைத்திருந்தது. புடைப்பின் நடுவில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. காடன் குந்தி உட்கார்ந்து நகத்தால் சுரண்டினான். இரும்பு.

"கயித்த அவுத்து விடுங்கடா. ஒருத்தனும் இது மேல கை வெக்கக் கூடாது."

அன்று காடன் சொன்னது இவ்வளவே. அதோடு தந்தம் நின்றது. இன்றுவரை அது தலையோடுதான் இருக்கிறது. விதியைத் தாமதப்படுத்தியது காடன். தத்தன் அல்லன், தோண்டியவர் அல்லர். கேட்க வேண்டுமானால் காடனைக் கேட்க வேண்டும்.

தேவியார் காடனைத் தாயனுக்கு இரங்குகிறவன் என்று எண்ண வேண்டாம். இரும்பைக் கண்டதும் அவன் மனத்தில் முதலில் வந்தது, இது தாயன் செய்த வேலை என்பதுதான். சாகப்போகிறவன் எதையும் செய்வான். அவன் சங்கிலியில் கிடக்கிறான், சரி. அவன் மனைவி வெள்ளி சங்கிலியில் இல்லையே. கோட்டைக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டு, படைவீட்டு அடுப்புக்கு விறகு சுமந்து, இத்தனை காலமும் இங்கேயே கிடக்கிறாள். குழி தோண்டுகிறவர்கள் அவளுக்குத் தெரிந்தவர்கள். காடன் அவளை வரச்சொல்லி, புதைத்த தலையில் இரும்பைச் செருக ஆள் வைத்தாயா என்று நேராகவே கேட்டான். அவள் விறகுக் கட்டை இறக்கிக்கூட வைக்காமல் பதில் சொன்னாள்.

"எலும்புக்குள்ள இரும்ப வெச்சு, அதுக்கு மேல எலும்ப வளர வெக்கிற வித்த எனக்குத் தெரிஞ்சிருந்தா, மூத்தவரே, நான் எதுக்கு உங்க அடுப்புக்கு வெறகு சொமக்குறேன்? அரமனையில வைத்தியச்சியா இருந்திருக்க மாட்டேனா?"

கேலி பேசுகிறாள் என்று காடனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபம் தணிந்த பிறகு பார்த்தால், சொன்னது கேலியாக இருந்தாலும் கேள்வி சரியான கேள்வி. அதைச் சோதித்துவிட வேண்டும் என்று புறப்பட்டான். அதே புதைகாட்டிலிருந்து வேறொரு யானையின் பழைய தலையோட்டை எடுத்துவரச் செய்து, கோட்டையின் நல்ல வில்லாளன் ஒருவனை அருகில் நிறுத்தி, அதே இடத்தில் அம்பை எய்யச் சொன்னான். எலும்பு வெடித்தது, ஓட்டையின் விளிம்பு கண்ணாடிச் சில்லுபோல் கூராக நின்றது. பிறகு சம்மட்டியால் அம்பு முனையை அடித்து இறக்கிப் பார்த்தான். பாளம் பாளமாகப் பிளந்தது. இடிமுரசின் தலையில் அப்படி இல்லை. இரும்பைச் சுற்றி எலும்பு மெழுகு உருகி மேலெழுந்து உறைந்ததுபோல் மழமழவென்று மூடியிருக்கிறது. பாதி இரும்பு உள்ளே புதைந்துவிட்டது. விரலால் அசைத்தால் அசையவில்லை.

இந்த வளர்ச்சியைக் காடன் வேறு எங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை. தேவியாரின் தந்தையார் நடத்திய ஆற்றங்கரைப் போரில் பகைவன் எய்த அம்பின் நுனி காடனுடைய இடது முன்கையில் இன்றும் இருக்கிறது. அதன்மேல் எலும்பு மேடு கட்டி இருக்கிறது. ஒரு கையால் யானையின் தலையையும் மறு கையால் தன் முன்கையையும் தடவிப் பார்த்தான். இரண்டும் ஒன்று. செத்த எலும்பு வளராது. அந்த இரும்பு உயிருள்ள யானையின் தலையில் தைத்து, ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கிறது. அது அங்குசத்தின் முனை அன்று. அங்குசம் தீர்ப்பு நாளிலேயே முழுதாகப் பிடிபட்டு உங்கள் அவையின் காப்பில் இருக்கிறது. இது அம்பு முனை.

எந்த அம்பு என்பதுதான் காடனை உறங்கவிடவில்லை. எலும்புக்கு வெளியே தெரிகிற அம்பு முனையின் கழுத்தை எண்ணெய் தடவித் துடைத்தான். அதில் பிறை முத்திரை அடித்திருக்கிறது. எல்லைக் கோட்டைகளின் அம்பு எல்லைக் கொல்லர்கள் அடித்தது; அதில் பிறை கிடையாது. பிறை அடிப்பது நெடுவாயில் அரண்மனைப் படைக்கொட்டில் ஒன்றே. இன்னும் ஒன்று. அந்தக் கழுத்தைச் சுற்றி மெல்லிய கம்பி சுற்றியிருக்கிறது, பச்சை பூத்திருக்கிறது. செம்பு. போருக்குப் போகிற அம்பில் செப்புக் கம்பி எவனும் சுற்ற மாட்டான். சுற்றினால் அம்பு கோணும்.

பூவம்பில் சுற்றுவார்கள்.

தேவியார் மாடத்தில் அமர்ந்து பார்த்திருப்பீர்கள்; கட்டுவதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பூவம்பு என்று தனியாக எவரும் செய்வதில்லை. படைக்கொட்டிலிலிருந்து போர் அம்பைக் கட்டுக்கட்டாக எடுத்து வந்து, இரும்பு முனையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் தண்டின் நுனியில் பூக்கொத்தை வைத்துச் செப்புக் கம்பியால் சுற்றுவார்கள். வெற்றிச் செய்தி வந்த பிறகுதான் இந்த வேலை தொடங்கும். இளவரசர் வாயிலை எட்டும் முன் முடிய வேண்டும். காடன் வாலிபத்தில் தலைநகர்ப் படையில் இருந்தபோது அவனும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கட்டியிருக்கிறான். ஒருவன் முனையைக் கழற்றித் தள்ள, அடுத்தவன் பூவை வைக்க, அதற்கடுத்தவன் கம்பியைச் சுற்ற, எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு, கள்ளும் உள்ளே போயிருக்கும். அவ்வளவு கை மாறுகிற இடத்தில் ஓர் அம்பின் முனை கழலாமலே பூவுக்குள் போய்விட்டது. எய்தவனுக்குத் தெரியாது. அவன் பூ எய்ததாகவே நினைத்திருப்பான். இன்றும் அப்படியே நினைத்துக்கொண்டு எங்கோ பேரன் பேத்தியோடு இருப்பான்.

தண்டு எங்கே போயிற்று என்று அவையில் கேட்பார்கள். அன்று வாயில் தரை முழுக்கத் தண்டுதான் கிடந்தது, ஒடிந்தும் மிதிபட்டும். மறுநாள் கூட்டிப் பெருக்கிக் கொட்டியிருப்பார்கள். யானை தலையை உதறியதில் தண்டு முறிந்து விழுந்திருக்கும். முனை உள்ளே நின்றுவிட்டது. தலையைத் தீண்டக் கூடாது என்ற விதி அதை அன்று முதல் மூடி வைத்தது.

இதையெல்லாம் உறுதி செய்துகொண்ட பிறகே தாயனைக் கூட்டிவரச் சொன்னான் காடன். தந்தம் கழற்றும் நாள் வந்துவிட்டது என்றுதான் தாயன் நினைத்திருந்தான். குளித்து நெற்றியில் நீறு பூசி, மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தான். காடன் இரும்பைக் காட்டி, நடந்திருக்கக்கூடியதைச் சொன்னான். தாயன் சங்கிலியோடு தரையில் உட்கார்ந்து, அந்த இடத்தருகே குனிந்தான். தொடலாமா என்று கேட்டான். தொடு என்றான் காடன். தொட்டுவிட்டுப் பேசினான்.

"அந்தப் பக்கமாத்தான் செவுத்துல சாஞ்சு சாஞ்சு நிக்கும். செவுரே பள்ளமாப் போச்சு. என் மேல கோவத்துல திரும்பி நிக்குதுன்னு நெனச்சேன். வலிச்சிருக்கு."

உன் உயிர் தப்ப வழி வந்திருக்கிறது, விளங்குகிறதா என்று காடன் கேட்டான்.

"அது அப்பறம். ஒரே ஒரு தடவ கைய வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், மூத்தவரே. புடுங்கி எறிஞ்சிருப்பேன். தொடக் கூடாதுன்னீங்க. தொடல."

காட்டில் அவனும் யானையும் மட்டும் இருந்த பகல்கள் எண்ணற்றவை. தொட்டிருந்தால் பார்க்க ஒருவரும் இல்லை. இதற்கு என்ன பொருள் என்று காடன் சொல்லப் போவதில்லை. தேவியார் தாமே எண்ணிப் பார்க்க.

தாயன் குற்றமற்றவன் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை காடனுக்கு இல்லை. அவன் கேட்பதும் அது அன்று. மீண்டும் ஒரு விசாரணை வேண்டும் என்று கேட்கிறான். முந்தைய அவைக்குக் கிடைக்காத ஒன்று இப்போது மண்ணுக்கு மேலே கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, பார்த்தவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். பழைய தீர்ப்புச் சொன்னவர்கள் வேண்டாம். தன் தீர்ப்பைத் தானே கவிழ்ப்பது எந்த மனிதனுக்கும் கடினம். தலையைத் தலைநகருக்கு அனுப்பு என்றால் காடன் அனுப்ப மாட்டான். வழியில் வண்டி குலுங்கி இரும்பு விழுந்தது என்று ஒருவன் வந்து சொன்னால், பிறகு யாரை அடித்து என்ன பயன்? அதனால்தான் அவனும் அதைப் பிடுங்கவில்லை. எலும்பும் இரும்பும் சேர்ந்திருந்தால்தான் சாட்சி. பிரித்துவிட்டால் ஒன்று எலும்பு, ஒன்று துரு. அவையோர் இங்கே வரட்டும். சோறு உண்டு, இடம் உண்டு. அம்புக் கொல்லன் ஒருவனையும் எலும்பு கட்டுகிற வைத்தியன் ஒருவனையும் கூட அழைத்து வரட்டும். காடன் சொன்னதை நம்ப வேண்டாம், அவர்களே தொட்டுப் பார்க்கட்டும்.

அன்று பூ கட்டியவர்களில் உயிரோடிருப்பவர்களையும் விசாரிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் தேவியார் தம் வாயால் அவர்களுக்கு அஞ்சேல் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எவன் வாய் திறப்பான்? கள் மயக்கத்தில் ஒரு முனையைக் கழற்ற மறந்தவனைத் தூக்கில் ஏற்றி, இவனை இறக்கிவிடுவதற்காகக் காடன் இந்த ஓலையை விடுக்கவில்லை. ஒரு தலை விழுந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவைக்கு வர வேண்டாம்.

தேவியாரிடம் தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. அரியணையில் இருப்பவருக்கு அன்று, தமையனை இழந்த தங்கைக்கு. இவ்வளவு காலமும் தேவியார் ஒரு நினைப்போடு உண்டு உறங்கியிருக்கிறீர்கள்: தம் தமையனார்மேல் மனத்தில் விஷம் வைத்து, அவர் கடவுள் முன் குனிந்த நேரம் பார்த்துக் கொன்றான் ஒருவன் என்று. இந்த இரும்பு அதை இல்லை என்கிறது. அன்று அந்த வாயிலில் இளவரசரை வெறுத்த கை எதுவும் இல்லை. எல்லாரும் அவர்மேல் பூத்தான் போட்டார்கள். ஒரு பூவில் பிழை இருந்தது. இழப்பு இழப்புதான், அதைக் காடன் குறைக்க முடியாது. ஆனாலும் ஊர் முழுக்க நேசித்தபடியே ஒருவர் போனார் என்று தெரிவது, துரோகத்தால் போனார் என்று நினைப்பதைவிட நெஞ்சுக்கு லேசு. போரில் பிள்ளையைக் கொடுத்தவன் காடன். அவன் இதைக் கேட்டறிந்து சொல்லவில்லை.

விசாரணை வேண்டாம், பழைய தீர்ப்பே நிற்கட்டும் என்று தேவியார் ஆணையிட்டால், காடன் படைவீரன், அடங்குவான். அப்போது தந்தம் வாங்க வருகிறவர் தம் கையாலேயே அதைக் கழற்றிக்கொள்ளட்டும், அந்த இரும்பைப் பார்த்தபடியே. காடனின் கோட்டையில் அந்தக் கயிற்றை இழுக்க ஒரு கையும் வராது. ஆனால் அப்படி ஓர் ஆணை வரும் என்று காடன் எண்ணவில்லை. எவரையும் நம்பாதவன் இதை நம்புவது அவனுக்கே புதிது. தேவியார் முடிசூடிய ஆண்டிலேயே, கல்லுடைக்கும் சிறையாளர் காலின் சங்கிலியை வெயில் நேரத்தில் அவிழ்த்துவிடச் சொல்லி ஓலை அனுப்பினீர்கள். பழுக்கக் காய்ந்த இரும்பு காலைச் சுடும் என்று அரண்மனையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்த ஒருவர், இந்த இரும்பையும் நினைத்துப் பார்ப்பார்.

இனிக் காடன் தன் கோட்டைக்கு இட்ட ஆணைகள், தேவியார் அறிவதற்காக. யானையின் தலை படைக்கல அறையில் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் திறவுகோல் காடன் அரைஞாணில். விசாரணை முடியும்வரை தந்தத்தைத் தொடுகிறவன் கையைக் காடன் கேட்பான். இவ்வோலை கொண்டுவருகிற குதிரைவீரன் இதைத் தேவியார் கையிலன்றி எவர் கையிலும் கொடுக்கலாகாது. அமைச்சர் கேட்டாலும் கொடுக்கலாகாது. அமைச்சர் இதைப் படிக்க நேர்ந்தால் வருந்த வேண்டாம், எல்லார்க்கும் இதே விதிதான்.

கடைசி ஆணை ஒன்று. சென்ற வாரம் மலையடி ஓடையில் தாயைப் பிரிந்த யானைக்கன்று ஒன்று சேற்றில் கிடந்து பிடிபட்டது. பால் குடி மறக்காதது. கன்றை எந்தக் கை முதலில் ஊட்டுகிறதோ அந்தக் கையோடுதான் அது வளரும். நடுவில் அந்தக் கை போய்விட்டால் பிறகு உண்ணாது. ஆகையால் சாகப்போகிறவனிடம் கன்றைக் கொடுப்பது எந்தக் கொட்டிலிலும் வழக்கமில்லை. காடன் அதைத் தாயனிடம் கொடுத்திருக்கிறான். தாயன் முதலில் வாங்க மறுத்தான். வெள்ளிதான் வந்து கஞ்சிப் பானையை அவன் முன்னால் வைத்துவிட்டு, "புடிங்க, அது பசில கத்துது" என்றாள். இப்போது ஊட்டுகிறான். இன்று காலை அதன் நெற்றியில் கை வைத்துத் தடவிக்கொண்டிருந்ததைக் காடன் பார்த்தான்.

அறம் விழித்திருக்க. எல்லை உறங்காதிருக்க. இவ்வளவும் உண்மை என்பதற்குக் காவல் முத்திரையும், அதை நம்பாதவர்க்காகத் தன் பெருவிரல் நகமும் காடன் அரக்கில் பதித்தான். தேவியார் நெடிது வாழ்க.

தாயனும் வாழ்க என்று சேர்த்து எழுதச் சொன்னான். அரச ஓலையின் வாழ்த்தில் கைதியின் பெயர் வருவது மரபில்லை என்று தத்தன் தயங்கினான். எழுது என்றான் காடன். எழுதப்பட்டது.